மக்கள் தீர்ப்பும் மகேசன் தீர்ப்பும்

தேர்தல் முடிவு வந்ததும் "மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு" என்று சொல்வது தமிழ்நாட்டு அரசியலில் நெடுநாள் வழக்கம். தோற்ற தலைவரும் இதைச் சொல்வார், ஜெயித்தவரும் சொல்வார். இரண்டு வெவ்வேறு கருத்துகளை இந்த வாசகம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. எண்ணி முடித்த எண்ணிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது ஒன்று. அந்த எண்ணிக்கையில் தெய்வ சித்தம் இருக்கிறது, ஆகவே அது சரியானதே என்பது மற்றொன்று. முதலாவது குடியரசு ஒழுக்கம், இரண்டாவது சமய நம்பிக்கை. ஊரையே இரண்டாகப் பிளந்த ஒரு தேர்தலுக்குப் பிறகு தோற்றவன் எதற்குத் தலைவணங்க வேண்டும், எதற்கு வணங்க வேண்டியதில்லை என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

இந்தக் கேள்வியைப் பார்க்கத் தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. 1984-ல் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார் எம்.ஜி.ஆர். அவர் மறைந்து கட்சி உடைந்த பின் 1989-ல் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடியில் நின்றார். இரட்டைப் புறாவோடு ஜானகி பக்கத்துத் தொகுதியான ஆண்டிபட்டியில் நின்றார். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார். 2002 இடைத்தேர்தலிலும் 2006-லும் ஜெயலலிதா ஆண்டிபட்டியில் வென்றார். மூன்று முறை முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்த ஓ.பன்னீர்செல்வம் பெரியகுளத்துக்காரர். ஒவ்வொரு தேர்தலும் இங்கே வீட்டுத் திண்ணை வரைக்கும் வரும். முடிவு வந்த பிறகும் திண்ணையை விட்டு இறங்க அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

2019 மக்களவைத் தேர்தல் அந்த வகையில் ஒரு பாடம். மாநிலத்தின் 39 தொகுதிகளில் 38 திமுக கூட்டணிக்குப் போனது. மிஞ்சிய ஒன்று தேனி. அதிமுகவின் ப.ரவீந்திரநாத் குமார், காங்கிரஸின் ஈ.வெ.கி.ச.இளங்கோவனை 76,000-க்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். அமமுகவின் தங்க தமிழ்ச்செல்வன் மூன்றாவதாக வந்தார். வென்றவருக்கு விழுந்த வாக்குகளை விட, எதிரே நின்ற இந்த இருவருக்கும் சேர்த்து விழுந்தவை அதிகம். அதே நாளில், தேனி மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. இரண்டிலும் திமுக வென்றது. ஒரே வாக்குச்சாவடி, ஒரே வரிசை, அடுத்தடுத்து இரண்டு இயந்திரம். ஆண்டிபட்டியில் இருக்கும் அதிமுக தொண்டன் தொகுதி எம்.பி. தேர்தலில் ஜெயித்தான், எம்.எல்.ஏ. தேர்தலில் தோற்றான், மாநிலத்தில் படுதோல்வி, டெல்லியில் அவன் கூட்டணி ஆட்சி. திமுக தொண்டனுக்கு எல்லாம் தலைகீழ். மகேசன் அன்றைக்கு என்ன தீர்ப்புச் சொன்னான் என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. மகேசன் பேசியிருந்தால் நான்கு விதமாகப் பேசியிருக்க வேண்டும்.

விதியைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் பேசத் தொடங்கினால் பேச்சு குச்சனூருக்குத்தான் போகும். சுருளியாற்றுத் தண்ணீர் ஓடும் அந்தச் சிற்றூரில் சனீஸ்வரர் சுயம்புவாக, தனி மூலவராக இருக்கிறார். ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். ஏழரைச் சனி, அஷ்டமச் சனி என்று வருகிறவர்களில் அரசியல்வாதிகளுக்கும் குறைவில்லை. வேட்புமனுவுக்கு முன்னாலும் வருவார்கள், முடிவுக்குப் பின்னாலும் வருவார்கள். சனி வழிபாட்டின் உள்ளே ஒரு தெளிவான எண்ணம் இருக்கிறது: கெட்ட காலம் என்பது பழைய வினையின் கணக்கு, அது ஒரு நாள் தீரும், அதுவரை பணிந்து பொறுக்க வேண்டும். தோற்றவனுக்கு இது நல்ல மருந்து. தன் தலைவன் துரோகி, தன் ஊர்க்காரர்கள் முட்டாள்கள், எதிர்க்கட்சிக்காரன் அயோக்கியன் என்று கசந்துபோகாமல் காலத்தின் மேல் பாரத்தை இறக்கிவைக்க இது இடம் கொடுக்கிறது.

ஆனால் 2019 மே மாத நடுவில் அதே குச்சனூரில் வேறொன்று நடந்தது. அங்குள்ள காசி அன்னபூரணி கோயில் என்ற தனியார் கோயிலில் வைத்த கல்வெட்டில் ரவீந்திரநாத் குமார் பெயருக்கு முன்னால் "தேனி நாடாளுமன்ற உறுப்பினர்" என்று செதுக்கியிருந்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 18-ல் முடிந்திருந்தது. எண்ணிக்கை மே 23-ல். இடையில் இன்னும் ஒரு வாரம் இருந்தது. கல்லை வைத்தது கோயில் நிர்வாகம், வேட்பாளர் அல்ல. என்றாலும் எதிர்க்கட்சிகள் கொதித்தன. புகார், போலீஸ் என்று விஷயம் போனது. கோவையிலிருந்து 50 மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தேனிக்குக் கொண்டுவந்து இறக்கியதையொட்டி ஏற்கெனவே ஆர்ப்பாட்டம் நடந்து ஓய்ந்திருந்த நேரம் அது. கல்வெட்டு அந்தச் சந்தேகத்தில் எண்ணெய் ஊற்றியது. பிறகு எண்ணினார்கள், கல்லில் இருந்தபடியே ஆயிற்று.

இதை வெறும் விசுவாசக் கூத்து என்று தள்ளிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் சமய நோக்கில் பார்த்தால் கல்வெட்டில் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது, வாக்காளன் விரல் அழுத்தியது வெறும் சடங்கு என்பது அந்தக் கோட்பாடு. தோற்றவன் வாயில் வரும்போது ஆறுதலாக இருந்த அதே விதி, ஜெயிக்கப்போகிறவன் பக்கத்திலிருந்து வரும்போது அகந்தையாகிவிடுகிறது. நடந்துமுடிந்ததைச் சொல்லும் விதி வேறு, நடக்கவிருப்பதைச் சொல்லும் விதி வேறு. பின்னதைச் சொல்கிறவன் மற்றவர்களின் வாக்கை இல்லாமல் ஆக்குகிறான்.

வள்ளுவர் இதை நன்றாகவே அறிந்திருந்தார் என்று கொள்ள இடம் இருக்கிறது. ஊழ் என்ற அதிகாரம் அறத்துப்பாலின் கடைசியில், 38-ஆவதாக வருகிறது. விதியை விட வலியது எது என்று கேட்டு அந்த அதிகாரம் முடிகிறது. அடுத்த பக்கத்திலேயே பொருட்பால் தொடங்கி அரசன், அமைச்சு, படை, நாடு என்று மனித முயற்சியின் உலகம் விரிகிறது. அந்த உலகத்துக்குள் 62-ஆவது அதிகாரமாக ஆள்வினையுடைமை வந்து, சோர்வில்லாமல் உழைப்பவன் ஊழையும் புறங்காணுவான் என்று முற்றிலும் எதிர்த்திசையில் பேசுகிறது. இரண்டும் முரண் என்று பலர் வாதாடியிருக்கிறார்கள். முரணாகக் கொள்ள வேண்டியதில்லை. செயலுக்கு முன் ஆள்வினை பேச வேண்டும், செயல் முடிந்தபின் ஊழ் பேச வேண்டும். இடம் மாற்றிப் பேசினால்தான் கெடும். ஊழ் அதிகாரத்திலேயே இன்னொரு குத்தலான கேள்வியும் உண்டு: நல்லது வந்தபோது நல்லதென்று அனுபவித்தவர்கள், கெட்டது வரும்போது மட்டும் ஏன் அல்லற்படுகிறார்கள்? போன தேர்தல் வெற்றியைத் தலைவரின் சாணக்கியம் என்று கொண்டாடிவிட்டு இந்தத் தேர்தல் தோல்வியை இயந்திரத்தின் மேலும் பணத்தின் மேலும் போடுகிறவனுக்கு இதை விடப் பொருத்தமான கேள்வி கிடையாது.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டும் ஊழைத்தான் பேசுகிறது. ஆனால் அது போய்ச் சேரும் இடம் கவனிக்கத் தக்கது. உயிர் ஊழின் வழிப்படும் என்று கண்டவர், அதனால் பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்ற முடிவுக்கு வருகிறார். அங்கே விதி ஜெயித்தவனின் மாலையைக் கழற்றுகிறது. அவனும் நீரோட்டத்தில் வந்தவன்தான் என்கிறது. விதிக்கொள்கையை அரசியலில் பயன்படுத்துவதென்றால் இந்தப் பக்கமாகப் பயன்படுத்துவதே முறை.

தெய்வத்தையே தேர்தல் நடத்தச் சொன்ன ஏற்பாடுகளும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் இது நடந்தது. கிறித்தவ மறையில் அப்போஸ்தலர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில், யூதாசின் இடத்துக்கு இருவரை நிறுத்திச் செபம் செய்து சீட்டுப் போடுகிறார்கள். மத்தியாசு பெயருக்குச் சீட்டு விழுகிறது. இம்முறைகளில் தோற்றவனுக்கு அவமானம் இல்லை. அவனை யாரும் மறுக்கவில்லை. ஓலை வரவில்லை, அவ்வளவுதான். வாக்கெடுப்பில் நிலைமை வேறு. இத்தனை பேர் உன்னைப் பார்த்தார்கள், வேண்டாம் என்றார்கள் என்று எண்ணிக்கை முகத்துக்கு நேரே சொல்கிறது. தேர்தல் தோல்வி மனதில் இவ்வளவு ஆழமாக இறங்குவதற்கு இதுவே காரணம். சீட்டு முழுவதும் ஒழிந்துவிடவில்லை என்பதும் சுவையான செய்தி. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்படி இருவர் சமமான வாக்குப் பெற்றால் குலுக்கல்தான். ஆனால் குலுக்கலில் பெயர் வந்தவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்கிறது சட்டம். ஊழ் தலையிட்டாலும் அது ஒரு வாக்காகத்தான் உள்ளே வர முடியும்.

இனி நேர்த்திக்கடன். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா பெரும்பாலும் மே மாதத்தில் வரும். தமிழ்நாட்டுத் தேர்தல்களும் கோடையில்தான் வருகின்றன. தீச்சட்டி ஏந்தி முல்லையாற்றங்கரையில் வரும் கூட்டத்தில், தன் வேட்பாளர் ஜெயிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்களும் இருப்பார்கள். முடி காணிக்கை, மண்சோறு, அங்கப்பிரதட்சணம் எல்லாம் அரசியல் தொண்டனுக்குப் புதிதல்ல, 1984-ல் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தபோது தமிழ்நாடே நேர்ந்துகொண்டது. சிக்கல் எளியது. கரைவேட்டியின் நிறம் வேறானாலும் அம்மன் ஒருத்திதான். இரண்டு கட்சிக்காரனும் அவளிடம்தான் நேர்ந்திருக்கிறான். ஒருவன் கேட்டது கிடைத்தால் மற்றவன் கேட்டது கிடைக்காது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன் இதையே எடுத்துப் பேசினார். இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படிக்கிறது, ஒரே கடவுளை வேண்டுகிறது, இரு தரப்பின் வேண்டுதலும் நிறைவேற முடியாது, இருவருடையதுமே முழுதாக நிறைவேறவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். கடவுளுக்குத் தம் சொந்த நோக்கங்கள் உண்டு என்றார். போரில் வெல்லும் தறுவாயில் இருந்தவர், கடவுள் நம் பக்கம் என்று சொல்லாமல் இப்படிச் சொன்னதுதான் அந்தப் பேச்சின் பெருமை. தோற்கும் பக்கத்திலிருந்து இதைச் சொல்வது எளிது.

வீரபாண்டியில் பக்தனும் உள்ளூர இப்படித்தான் நடந்துகொள்கிறான். வேட்பாளர் தோற்றதற்காக அம்மனை விட்டுப் போனவர் என்று யாரையும் காட்டுவது கடினம். கேட்டது கிடைத்தால் கடனைச் செலுத்துகிறான்; கிடைக்காவிட்டால் கடன் இல்லை, உறவு மட்டும் இருக்கிறது. அடுத்த சித்திரைக்கு மகளின் கல்யாணத்துக்காகவோ மாட்டின் நோய்க்காகவோ மறுபடி வருகிறான். தெய்வத்தை வாக்குச்சாவடி முகவராக அவன் கருதவில்லை. மேடையில் மகேசன் தீர்ப்பு என்று முழங்குகிறவரை விட இவனுடைய இறையியல் முதிர்ந்தது.

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் நெடுங்காலமாக வாழும் ராவுத்தர் குடும்பங்களின் மார்க்கத்தில் இறைவனைச் சார்ந்திருப்பதற்குத் தவக்குல் என்று பெயர். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அதன்பின் இறைவனை நம்பு என்று நபிகள் நாயகம் கூறியதாக வரும் செய்தி அதற்கு இலக்கணம். முயற்சி முதலில், ஒப்படைப்பு பிறகு. வள்ளுவர் சொன்ன வரிசையும் இதுதான். இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களில் பெரிய வியாழன் இரவு நினைவுகூரும் கெத்சமனி செபமும் இந்த வரிசையில்தான் செல்கிறது: துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்டபின்தான் தந்தையின் விருப்பத்துக்கு விடுகிறார் இயேசு. கேட்காமலே அடங்கிப்போவதை எந்த மரபும் பக்தி என்று சொல்லவில்லை.

கீதையை இந்த இடத்தில் இழுப்பவர்கள் பெரும்பாலும் தவறாக இழுக்கிறார்கள். வெற்றியையும் தோல்வியையும் சமமாகக் கருது என்ற உபதேசம் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அது தோற்றவனைத் தேற்றச் சொன்னது அல்ல. போர் தொடங்கும் முன், வில்லைக் கீழே போட்டவனை எழுந்து போரிடச் சொல்லும்போது கூறியது. சமநோக்கு என்பது செயலுக்கு இறங்குவதற்கான மனநிலை. முடிவு வந்த மறுநாள், அநியாயம் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறவனிடம் போய் "எல்லாம் ஒன்றுதான், விடு" என்பதற்குக் கீதையில் ஆதாரம் இல்லை.

அநியாயம் நடந்திருந்தால் என்ன செய்வது? அதற்கான பதில் கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை மலையில் இருக்கிறது. மங்கலதேவி கண்ணகி கோட்டம் ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று, திறக்கும். தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்யும். குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஜனம் ஏறும். 2019-ல் அந்தப் பௌர்ணமி ஏப்ரல் 19-ல் வந்தது. முந்தின நாள் வாக்குப்பதிவு. விரலில் மை அழியாத கையோடு ஏறியவர்கள் அன்று வணங்கியது, ஓர் அரசின் தீர்ப்பை ஏற்க மறுத்த பெண்ணை.

சிலப்பதிகாரத்தில் நிகழ்ச்சிகள் வரும் வரிசையைக் கவனிக்க வேண்டும். கணவன் கள்வன் என்ற தீர்ப்பைக் கேட்ட கண்ணகி, விதி என்று ஒடுங்கவில்லை. ஊரைக் கூட்டிக் கல்லெறியவும் இல்லை. கையில் மிஞ்சிய ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போகிறாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், தன் சிலம்பில் மாணிக்கப் பரல் என்று அளந்து பார்க்கக்கூடிய ஆதாரத்தை வைக்கிறாள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, தானே கள்வன் என்று ஒப்பிப் பாண்டியன் உயிர் விடுகிறான். மதுரை எரிந்த பிறகுதான் மதுராபதித் தெய்வம் வந்து கோவலனின் முற்பிறப்பையும், சங்கமன் என்ற வணிகனைப் பொய்ப்பழியில் கொல்வித்த பழைய வினையையும் சொல்கிறது. ஊழ்வினையின் கதை வழக்கு முடிந்த பிறகு வருகிறது. "உன் புருஷனுக்கு இது பூர்வஜென்ம பலன்" என்று வாயிற்காவலனே சொல்லி, அவளும் திரும்பிப் போயிருந்தால் காப்பியமே இல்லை. பாண்டியனின் தவறும் வெளிப்பட்டிருக்காது.

தீ வைத்ததை எப்படிக் கொள்வது என்பது கடினமான பகுதி. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவுகிறாள். கோபத்துக்கும் ஒரு வரம்பு உண்டு என்று காப்பியம் காட்டுகிறது. அந்த வரம்பு போதுமா என்று இன்றைய வாசகர் கேட்டால் போதாது என்றே சொல்ல வேண்டும். தீர்ப்பளித்தவன் செத்த பிறகு ஊர் எரிந்ததற்கு நியாயம் தேடுவது சிரமம். கண்ணகியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது சிலம்பை, தீயை அல்ல.

சட்டம் இந்தச் சிலம்புக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை. தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். 2019 தேனி முடிவை எதிர்த்து அப்படி ஒரு வாக்காளர் போனார். வேட்புமனுவில் சொத்து, வருமான விவரங்கள் மறைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு. 2023 ஜூலை 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரவீந்திரநாத்தின் தேர்வு செல்லாது என்று தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டுக்காக அதைத் தானே 30 நாள் நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. பதவிக்காலம் முடியும் வரை அவர் உறுப்பினராகவே இருந்தார். கல்லில் முன்கூட்டியே எழுதிய முடிவு, இயந்திரம் எண்ணிச் சொன்ன முடிவு, ஒரு நீதிமன்றம் செல்லாது என்ற முடிவு, இன்னொரு நீதிமன்றம் நிறுத்திவைத்த முடிவு என்று ஒரே முடிவு நான்கு நிலைகளைக் கண்டது. நான்கு ஆண்டு இழுத்தடித்த வழக்கு நீதிமுறைக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் இந்த நான்காண்டில் ஒரு கடைக்கண்ணாடி உடையாமல் கேள்வி கேட்க முடிந்தது.

தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர், ஆராயாமல் ஒருவனைத் தேர்வதும், தேர்ந்தபின் அவன்மேல் ஐயப்படுவதும் தீராத இடும்பை என்கிறார். அரசன் அமைச்சனைத் தேரும் காலத்துக்கு இது சரி. குடிமக்கள் ஆள்பவனைத் தேரும் காலத்தில் ஐயத்தை முழுதாக விலக்கிவிட முடியாது. அதற்குக் கால வரம்பும், இடமும், ஆதாரக் கட்டாயமும் வைத்து அடக்கலாம். அதைத்தான் 45 நாள் கணக்கு செய்கிறது.

இறுதி என்று ஏற்பதும் சரி என்று ஒப்புவதும் ஒன்றல்ல என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் தெளிவான சான்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்களில் கிடைக்கிறது. 2000-ல் ஃபுளோரிடா மாநில மறுஎண்ணிக்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றிருந்த அல் கோர், தீர்ப்பில் தமக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதன் இறுதித்தன்மையை ஏற்கிறேன் என்று அறிவித்து விலகினார். இருபது ஆண்டு கழித்து, வழக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியான பிறகும் முடிவை ஏற்காதவர்களின் கூட்டம் 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. முன்னவர் சிலம்பைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பினார். பின்னவர்கள் சிலம்பு எடுபடாதபோது நேரே தீயை எடுத்தார்கள். அன்றைய கூட்டத்தில் சிலுவைகளும் வேதவசனப் பதாகைகளும் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. கடவுள் இன்னாரைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று முடிவுகட்டியவனுக்கு வாக்கு எண்ணிக்கை பொருட்டாக இருப்பதில்லை. குச்சனூர்க் கல்வெட்டின் கோட்பாடு பெரிய அளவில் நடந்தால் இப்படி இருக்கும்.

கோட்பாட்டை விட்டு வீட்டு வாசலுக்கு வந்தால் வேறொரு சங்கடம். கொடுவிலார்பட்டிப் பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சுற்றாக எண்ணும்போது ஊரில் டீக்கடை டிவி முன்னால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் பங்காளி, மாமன் மச்சான், ஒரே தோட்டத்தில் திராட்சைக் கொடி கட்டுகிறவர்கள், விடிகாலையில் ஒரே ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்கள். முன்னிலை மாற மாற ஒரு பக்கம் வெடி, ஒரு பக்கம் மௌனம். தோற்றவன் வீட்டு வாசலில் ஐந்தாயிரம் வாலா போடுவதற்கென்றே ஆள் இருக்கிறது. தேர்தலில் விழும் பகையில் பெரும்பகுதி வாக்கினால் வந்ததல்ல, இந்த வெடியினால் வந்தது. அதன்பின் விசேஷத்துக்குப் பத்திரிகை வராது, மொய் நோட்டில் பெயர் இருக்காது, துட்டிக்கும் ஒதுங்கி நிற்பார்கள்.

ஆண்டிபட்டியில் இது உச்சத்துக்குப் போனது. 2019 இடைத்தேர்தலில் திமுக வேட்பாளர் ஆ.மகாராஜன், அதிமுக வேட்பாளர் ஆ.லோகிராஜன். இருவரும் உடன்பிறந்தவர்கள். மகாராஜன் வென்றார். 2021 பொதுத்தேர்தலில் மறுபடி அதே அண்ணன் தம்பி, மறுபடி மகாராஜன், 8,538 வாக்கு வித்தியாசம். மகாபாரதம் முழுக்க இந்தச் சங்கடம்தான். ஆனால் அங்கே ஆயுதம் எடுத்தார்கள், இங்கே எண்ணிக்கைக்கு விட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை எதிரெதிரே நிறுத்தியும் கொலை விழாத ஒரு முறையை மனிதர்கள் கண்டுபிடித்திருப்பது சிறிய காரியமல்ல.

இந்தப் பகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ல் தங்க தமிழ்ச்செல்வன் நின்றது டி.டி.வி.தினகரனின் அமமுக சார்பில். சில வாரங்களில் திமுகவுக்குப் போனார். 2024-ல் தேனியில் திமுக வேட்பாளராக நின்று, எதிரே நின்ற அதே தினகரனை 2,78,825 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2019-ல் தினகரனை எதிர்த்து வேலை செய்த பன்னீர்செல்வம் 2024-ல் அவர் இருந்த கூட்டணியில் இருந்தார். தலைவர்கள் இடம் மாறியதைப் பழிப்பது வேறு விஷயம். தொண்டன் ஐந்தாண்டுக்கு முன் யாருக்காகப் பெரியப்பா மகனோடு பேச்சை நிறுத்தினானோ அவர் இன்று பெரியப்பா மகனின் கட்சியில் இருக்கிறார். நிலையில்லாத ஒன்றின்மேல் நிலையான பகையைக் கட்டுவதை அறியாமை என்று பௌத்தமும் சைவமும் ஒரே குரலில் சொல்லும்.

பகையை வைத்துக்கொள்ள முடியாதபடி பள்ளத்தாக்கின் நிலமும் பார்த்துக்கொள்கிறது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீர் வழக்கமாக ஜூன் முதல் நாள் திறக்கும். 2024-ல் முடிவு ஜூன் 4-ல் வந்தது. ஜெயித்தவன் வயலும் தோற்றவன் வயலும் ஒரே வாய்க்காலில் பாயும். மடை திறக்கவும் நீர் முறை பேசவும் இருவரும் கரைக்கு வந்தாக வேண்டும். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்தபோது கட்சிக் கொடிகளை மறந்து குமுளி எல்லையை நோக்கித் திரண்ட கூட்டத்தில் எல்லாக் கட்சிக்காரரும் இருந்தார்கள்.

தோற்றவனுக்குச் சொன்னது போதும். ஜெயித்தவனுக்குச் சமய மரபுகள் விதிப்பது இன்னும் கடுமையானது. குருட்சேத்திரம் முடிந்ததும் தருமன் மகிழவில்லை. அரசே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்று அரற்றுகிறான். அவனைத் தேற்றி அரசனாக்கவே சாந்தி பருவம் என்ற பெரும்பகுதி தேவைப்படுகிறது. செவி கசக்கும் சொல்லையும் பொறுக்கிற அரசனின் குடைக்கீழ்த்தான் உலகம் தங்கும் என்கிறார் வள்ளுவர். கசக்கும் சொல் தோற்றவர்களிடமிருந்துதான் வரும். ஆகவே அவர்களைப் பேசவிடுவது வென்றவனின் பெருந்தன்மை அல்ல, கடமை. 1989-ல் ஆண்டிபட்டியில் தோற்ற ஜானகி, தன் அணி துடைத்தெறியப்பட்டதும் வம்புக்கு நிற்காமல் அரசியலை விட்டு விலகி, இரு அணிகளும் இணைய வழிவிட்டார். முடங்கிக் கிடந்த இரட்டை இலை மீண்டது. அன்று வென்றவர்கள் அந்த விலகலுக்குரிய மரியாதையைப் பின்னாளில் போதுமான அளவு தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேர்தல் முடிவு இறுதியானது என்றாலும் அது ஒரு தவணைக்குத்தான் இறுதி. 1969-ல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி கேட்டுக்கொள்ள, கட்சி நிறுத்திய சஞ்சீவ ரெட்டி, இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு வி.வி.கிரியிடம் தோற்றார். அந்தப் பிளவில் காங்கிரஸே இரண்டானது. எட்டு ஆண்டு கழித்து, 1977-ல், அதே சஞ்சீவ ரெட்டி அதே பதவிக்குப் போட்டியே இல்லாமல் தேர்வானார். தேனியில் 2019-ல் மூன்றாவதாக வந்தவர் 2024-ல் முதலாவதாக வந்தார்.